ஓடாத வண்டிக்கும் வயதாகும்

கரிசல் சக்கரங்கள் – 17

2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 பெருநகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றுபோனது. அந்த நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 புகைவிதி வந்தது. இந்த வண்டியை அதற்கேற்ப மாற்றப்போவதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்துவிட்டது. மற்ற ஊர்களுக்கு பாரத் ஸ்டேஜ் 3 போதும் என்றிருந்ததால், கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, மணியாச்சி பக்கமெல்லாம் 800 இன்னும் நான்கு வருடம் புதிதாக வந்துகொண்டிருந்தது. 2014 ஜனவரி 18-ல் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு இறங்கியது. ஆக, 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட அந்தக் காரின் கடைசித் தொகுதி சிற்றூர்களுக்கே வந்து சேர்ந்தது. அந்தத் தொகுதிக்கு இப்போது பதினைந்து வயது நிரம்பிக்கொண்டிருக்கிறது. 2010-ல் எடுத்த வண்டிக்கு 2025-ல் முடிந்தது. கடைசியாக வந்தவற்றுக்கு 2029 வரை இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான். அதன்பின் வண்டியைப் பார்த்து, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக் கொடுப்பார்கள். டெல்லி மாதிரி பதினைந்தானதும் பெட்ரோல் வண்டியை ஒதுக்கிவைக்கும் விதி தமிழ்நாட்டில் இல்லை. எனவே முடிவு வண்டிக்காரர் கையில்தான் இருக்கிறது: எஃப்.சி. காட்டி வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் பதில் தேடும் இடம் டேஷ்போர்டில் இருக்கிற கிலோமீட்டர் எண். "பதினஞ்சு வருசத்துல அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு, வண்டி புதுசு மாதிரி" என்று சொல்லி வைத்துக்கொள்கிறார்கள். அதே வாக்கியத்தைச் சொல்லி விற்கவும் செய்கிறார்கள். வாங்குபவரும் அதை நம்புகிறார். மீட்டர் பொய் சொல்வதாக நான் சொல்லவரவில்லை. அது அளப்பது தேய்மானத்தின் ஒரு பகுதியை மட்டும். மீதியைக் காலமும் வெயிலும் புழுதியும் தண்ணீரும் செய்கின்றன. கரிசல் காட்டில் குறைவாக ஓடும் ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு அந்த மீதிப் பகுதியே பெரிது. எந்த உற்பத்தியாளரின் கையேட்டையும் புரட்டுங்கள்: பராமரிப்பு அட்டவணையில் கிலோமீட்டரும் மாதமும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு என்று எழுதியிருக்கும். அதற்கும் கீழே, புழுதிச் சாலை, சேற்றுச் சாலை, அடிக்கடி குறுந்தூரம் என்று சில நிலைமைகளைச் சொல்லி, அவற்றில் ஓடும் வண்டிக்கு இடைவெளியை இன்னும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். நிறுவனம் விதிவிலக்காக எழுதிவைத்த அந்த நிலைமைகள் மணியாச்சிக்காரருக்கு அன்றாடம்.

அந்த அன்றாடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் தண்டவாளம் பிரிகிறது. 1911-ல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட நிலையம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். சுற்றுக் கிராமங்களுக்கு அது ரயிலேறும் இடம். தினப்படிக்கு பைக்கும் பஸ்ஸும் போதும். காரை எடுப்பது சென்னையிலிருந்து வரும் பிள்ளையைக் கூட்டிவர, முகூர்த்தத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோவில்பட்டிச் சந்தைக்கு. மற்ற நாளெல்லாம் வேம்படியில் நிற்கும். எடுத்தாலும் பாதித் தடவை நாலைந்து கிலோமீட்டர்தான். இப்படி ஓடுவதில் என்ன கெடுதல்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது, எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இரண்டையும் ஆவியாக்கித் தள்ளிவிடும். நாலு கிலோமீட்டரில் ஸ்டேஷனில் நிறுத்தினால் அவை உள்ளேயே தங்கி ஆயிலை நீர்க்கவைத்து, அமிலமாக்கும். சைலன்சருக்குள் தங்கும் ஈரம் தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே மழமழவென்றிருக்கும் சைலன்சர் ஒரு நாள் திடீரென்று ஓட்டையாவது இதனால்தான். குளிர் நாடுகளில் இந்தச் சங்கடம் பல மடங்கு. நம் வெயில் கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஆனாலும் வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆயிலை மூன்று வருடம் கழித்து மாற்றலாம் என்பது தவறான கணக்கு. வருடத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்ற வேண்டும். இந்தச் சின்ன என்ஜினுக்கு ஆகும் ஆயில் மூன்று லிட்டருக்குள்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கோவில்பட்டிக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவரக் காரணம், காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி பல இடங்களில் உப்பாகவும் கடுமையாகவும் இருப்பது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஏற்றும் அந்த போர்த் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். குடிப்பதற்கு ஆகாத தண்ணீர் என்ஜினுக்கு மட்டும் எப்படி ஆகும்? 800-க்கு 796 சி.சி., மூன்று சிலிண்டர், அலுமினியத்தில் வார்த்த சிலிண்டர் ஹெட். கடினத் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் சுற்றும்போது சுண்ணாம்பு பிரிந்து, மிகச் சூடான இடத்தில், அதாவது ஹெட்டின் உள் வாய்க்கால்களில் முதலில் படிகிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தண்ணீர் நிறைய இருக்கும், பம்ப் சுற்றும், ஆனால் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு வராது. இன்னொரு பக்கம் தண்ணீரில் இருக்கும் குளோரைடு உப்பு அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று இந்த அரிப்பு பார்ப்பதில்லை.

"நம்மூர்ல பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்று பட்டறையிலேயே கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் உறைவதைத் தடுப்பதற்கானது என்பது உண்மை. நமக்கு அது தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பச்சைத் திரவத்தில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் நமக்கு அவசியம் தேவை. அவையும் நிரந்தரமல்ல, உலோகத்தைக் காத்துக் காத்துத் தீர்ந்துபோகின்றன. அதனால்தான் சாதாரணக் கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நிறம் மாறாமல் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, நிறம் சாயம்தான். கலக்கித் தரப்பட்ட கூலன்ட் வாங்குவது நல்லது. அடர்த்தியானதை வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும், போர்த் தண்ணீரில் கூடாது. கூடவே ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஸ்பிரிங் வைத்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி அந்தக் கொதிநிலையை இருபது டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் இறுகிப்போனால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பு போய்விடும். மிஞ்சிப்போனால் சில நூறு ரூபாய் விலையுள்ள சாமான் அது. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு கயத்தாறு தாண்டும்போது அதன் அருமை தெரியும்.

சூடேறுகிற வண்டிக்கு நம் பக்கம் கைவசம் மூன்று வைத்தியம் இருக்கிறது. மூன்றுமே நோயை மறைப்பவை. ஒழுகலுக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது முதலாவது. நடுவழியில் வீடு வந்து சேர அது உதவலாம். வந்து சேர்ந்தபின் கழுவி எடுக்காமல் விட்டால், ஓட்டையை அடைத்த தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது. அந்த வால்வு என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைப்பது. அது இல்லாவிட்டால் குறுந்தூர வண்டி தன் சரியான சூட்டை அடையவே அடையாது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். மேலே சொன்ன ஆயில் நீர்த்துப்போகும் கதை இரட்டிப்பாகும். மூன்றாவது, ஃபேனை "டைரக்ட்" பண்ணுவது: சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் சுவிட்சைத் தாண்டி, சாவி போட்டதுமே சுற்றும்படி ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். சுவிட்ச் கெட்டதா, தண்ணீர் குறைந்ததா, ரேடியேட்டர் அடைத்ததா என்று தேடும் வேலை மிச்சம். சூடு முள் நடுவில் நிற்கும். காரணம் உள்ளேயே இருக்கும். கடைசியில் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் வரும்போது செலவு பத்தாயிரத்தைத் தாண்டும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. காரணத்தைத் தேடுகிற நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லை, பாகத்துக்குத்தான் கொடுப்போம். அவர் ஒயரைச் சேர்த்துவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார்.

அடுத்தது புழுதி. கரிசல் மண்ணின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மாட்டுவண்டியும் டிராக்டரும் நொறுக்கிவிட்ட பிறகு மாவாகிவிடும். ஆனி, ஆடி மேல்காற்றில் அந்த மாவு எழுந்து நிற்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்ததுதான். களித் துகள் மென்மையானது. அதோடு கலந்துவரும் குவார்ட்ஸ் துகள் இரும்பையே கீறும். என்ஜினைத் தேய்ப்பதில் பெரிய மணல் துகளுக்குப் பங்கு குறைவு. ஐந்து முதல் இருபது மைக்ரான் அளவுள்ளவைதான் மோசமானவை. தலைமயிரின் கனம் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இவை எவ்வளவு சிறியவை என்று தெரியும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் நிற்கும் ஆயில் படலத்தின் கனமும் ஏறத்தாழ இதே அளவு என்பதால், துகள் அந்த இடைவெளியில் சரியாகப் போய் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அரைக்கிறது. இதற்கு நாம் செய்யும் பரிகாரமே சிலசமயம் வினையாகிறது. பஞ்சர் கடையில் கம்ப்ரசர் காற்றை ஏர் ஃபில்டர் காகிதத்தில் நேராகப் பீய்ச்சி அடிப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அந்த வேகத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், பார்வைக்குச் சுத்தமான ஃபில்டர் வழியே புழுதி தடையில்லாமல் போகும். உண்மையில் ஓரளவு அழுக்கேறிய ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். காற்று வருவதுதான் கொஞ்சம் குறையும். தட்டி உதிர்த்து, குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே ஊதினால் போதும்; வருடத்துக்கு ஒன்று புதிது போட்டால் இன்னும் நல்லது. ஃபில்டரைவிட அதன் விளிம்பையும், அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயையும் கவனிக்க வேண்டும். பதினைந்து வருட ரப்பர் மடிப்புக்குள் வெடித்திருக்கும். ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் வெடிப்பு இருந்தால், எவ்வளவு உயர்ந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை.

ரப்பர் என்றதும் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு மிக வலுவான சாட்சி ஒன்று நினைவுக்கு வருகிறது: டைமிங் பெல்ட். 800-க்கும் ஆம்னிக்கும் பழைய ஆல்டோவுக்கும் வால்வுகளை இயக்குவது பல் வைத்த ரப்பர் பெல்ட். 2010-ல் ஆல்டோ கே10-ல் வந்த என்ஜினுக்குச் சங்கிலி. கே10 வைத்திருப்பவர்கள் பெல்ட் பற்றிய வரிகளைத் தாண்டிப் போகலாம். பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பட்டறைகளில் மனப்பாடமாகச் சொல்வார்கள். அறுபதாயிரம் ஓடிய வண்டிக்கு அந்த எண் இன்னும் வரவில்லை; எனவே தொழிற்சாலையில் மாட்டிய அதே பெல்ட் பதினைந்து கோடையை என்ஜின் சூட்டில் கடந்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு லட்சம் ஓடிய டாக்சியில் பெல்ட் இரண்டு முறை மாறியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் டாக்சியே இளைய வண்டி. பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். சில வகை என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்தும் போகும். டயரிலும் இதே கதைதான். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்று அந்த டயரை இன்னும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். டயர் நிறுவனங்களே ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றவும் சொல்கின்றன. பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140-க்கு இறங்கிவிடும். நம் சமவெளியில் அவ்வளவு சூடு வராது. கொடைக்கானல் இறக்கத்தில் வரும். சமவெளியில் அந்த ஈரம் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைத்து, ஒரு பக்கமாகப் பிரேக் பிடிக்கச் செய்யும்.

இவ்வளவையும் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது அடித்தகட்டுத் துரு. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யவேண்டியதும் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறு சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் இணைப்புகளிலும் அப்பிக்கொள்ளும். செம்மண் காய்ந்தால் உதிரும். கரிசல் அவ்வளவு எளிதில் உதிராது, ஈரத்தையும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் உப்பும் இருக்கும். தூத்துக்குடிக்கு அடிக்கடி போய்வரும் வண்டி என்றால் கடல்காற்றும் சேர்கிறது. இந்தக் கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டுப் பெட்டியே உடம்பு, அதுவே எலும்பு. முன்சக்கர சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடத்திலும், கதவடிப் பெட்டியிலும், தரைத்தகட்டு ஓரத்திலும் துரு ஊடுருவியிருந்தால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த வண்டியில் பணம் போடாதீர்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அது மறையுமே தவிர பலப்படாது. மழை முடிந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, வளைவுகளுக்குள் நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவுவது ஆயில் மாற்றுவதற்கு நிகரான பராமரிப்பு. அதை இங்கே யாரும் செய்வதில்லை. மேலே மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள்.

இனி மறுப்புகள். "வண்டியே அறுபதாயிரத்துக்குப் போகாது, அதுக்கு இருபதாயிரம் செலவழிக்கிறதா?" என்பது முதல் மறுப்பு, பலபேர் வாயை அடைப்பதும் இதுதான். ஆனால் ஒப்பீடு தவறான இடத்தில் நடக்கிறது. விற்கப்போகிறவருக்குத்தான் விற்பனை விலை முக்கியம். வைத்துக்கொள்கிறவர் அந்த இருபதாயிரத்தை ஒப்பிடவேண்டியது அடுத்த மூன்று வருடம் வேறு வழியில் ஊர்போக ஆகும் செலவோடு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. புதுக் கார் ஆசை எல்லா வீட்டிலும் எட்டிப்பார்க்கிறது. நாலு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை எட்டாயிரத்து நானூறு சொச்சம். வருடத்துக்கு ஒரு லட்சம். மேலே இன்சூரன்ஸ். வாரம் ஒரு தடவை எடுக்கும் வண்டிக்கு அந்த லட்சம் தேவையா என்று உளுந்து விலையும் மிளகாய் விலையும் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாகத்துக்கும் பஞ்சமில்லை. 800-ன் அதே என்ஜின் ஆம்னியில் 2019 வரை வந்தது. அதனால் கேஸ்கெட்டும் பம்ப்பும் பெல்ட்டும் கோவில்பட்டிக் கடையிலேயே கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு எத்தனால். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்கு இது ஆகாது, அதனால் பராமரித்துப் பயனில்லை என்று பேச்சு இருக்கிறது. பாதி உண்மை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சீரமைத்த கார்களில் மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட வழித்திட்டமே சொல்கிறது. கார்புரேட்டர் வண்டி கலவையைத் தானாகத் திருத்திக்கொள்ளாது. 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளும். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் இறுகவைக்கலாம், ஊதவைக்கலாம். எனவே பதினைந்து வருடப் பெட்ரோல் குழாய்களை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒழுகினால் தீப்பிடிக்கும் விஷயம் இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நிறுத்திவைக்கிற வண்டியில் கால் டேங்க் பெட்ரோலை மூன்று நாலு மாதம் விட்டுவைப்பதும் கெடுதல். 800-க்கு டேங்க் 28 லிட்டர்தான். எடுக்கும் சமயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓட்டித் தீர்ப்பதே சரி. ஆக, எத்தனால் வந்ததால் காலண்டர் பார்த்துப் பராமரிக்க இன்னொரு காரணம் கூடியிருக்கிறது. பராமரிப்பு வீண் என்று அதிலிருந்து முடிவெடுக்க முடியாது.

புகை பற்றிய மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1995-ல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது நான்கு பெருநகரங்களில் மட்டும். தொண்ணூறுகளின் சிற்றூர் வண்டிகளுக்கு அது இல்லை. அவற்றின் புகை மோசமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010-க்குப் பிந்தைய பாரத் ஸ்டேஜ் 3 வண்டி வேறு. சோதனையில் அதன் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உண்மையாகக் குழாய் விட்டு அளந்த புகைச் சான்றிதழில் அந்த எண் போன தடவையைவிட ஏறியிருந்தால், ஃபில்டரோ பிளக்கோ சென்சாரோ வேலை கேட்கிறது என்று பொருள். குழாய் விடாமல் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழால் போலீஸுக்குத்தான் பதில் சொல்லலாம். கரியமில வாயுக் கணக்கு வேறு. வருடம் 2,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் சுமார் 170 லிட்டர். வெளியேறுவது நானூறு கிலோ அளவில். புதுக் கார் அதில் நூறு நூற்றைம்பது கிலோவை மிச்சப்படுத்தலாம். ஆனால் அந்தக் காரைச் செய்து முடிக்கவே சில டன் வெளியேறிவிடுகிறது. குறைவாக ஓடும் வண்டியை மாற்றுவதால் வானத்துக்கு லாபமில்லை. வருடம் பதினைந்தாயிரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் மாற்றத்தான் வேண்டும்.

பாதுகாப்பு என்ற மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. பராமரிப்பாலும் பதில் சொல்ல முடியாது. ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-ஐ 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது பெரியவர் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்; ஓட்டுநர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். நம் வண்டிகள் அதற்கு முந்தியவை. நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே நாலு பேரை ஏற்றிக்கொண்டு நூறில் போவதற்கு 800 உகந்த வண்டி இல்லை, எவ்வளவு புது டயர் போட்டாலும். மணியாச்சியிலிருந்து கடம்பூருக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் நாற்பது ஐம்பதில் சீட் பெல்ட் மாட்டிப் போகலாம். மதுரைக்கு ரயில் இருக்கிறது.

ஆகவே பதினைந்தைத் தொடும் வண்டி வைத்திருப்பவர் முதலில் செய்யவேண்டியது, ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கதவடிப் பெட்டியையும் தரை ஓரத்தையும் குத்திப் பார்ப்பது. உள்ளே இறங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இறங்காவிட்டால் டைமிங் பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், ரேடியேட்டர் மூடி, கூலன்ட், பெட்ரோல் குழாய், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். காரணம் தேடும் மெக்கானிக்குக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வயதைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. படிவம் 25-ஐக் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். பிந்தினால் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடும்.